பஞ்சு ஒட்டாத படிகள்

வியாழக்கிழமை. பிற்பகல் 2.20.

மாடி அறையின் கண்ணாடி அலமாரியைச் சுபஸ்ரீ திறந்தாள். மூன்றாவது தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், ஆறு மாதக் குழந்தைக்கான பச்சைச் சட்டை ஒன்று இருக்க வேண்டும். உறை இருந்தது. சட்டை இல்லை.

அது விற்கிற சட்டை அல்ல. சட்டைக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் பார்த்துத் திருப்திப்பட்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்த ஒற்றைச் சட்டை. தைக்கிற ஆயிரக்கணக்கான சட்டைகளும் அச்சு அசலாக அதைப் போல இருந்தாக வேண்டும். பனியன் கம்பெனிகளில் அதற்கு சீல் சாம்பிள் என்று பெயர். மறுநாள் காலை பதினொரு மணிக்கு பையரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். வந்ததும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

2.35. முதலாளி தனபால் மாடிக்கு வந்து அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினார். கிடைக்கவில்லை. மாடியைப் பூட்டி, யாரும் ஏறக் கூடாது என்றார்.

5.30. கேட்டில் ஒவ்வொருவர் பையும் சோதிக்கப்பட்டது. சோற்று டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கச் சொன்னார்கள். கிடைக்கவில்லை.

5.45. தனபால் செல்போனை எடுத்தார். சுபஸ்ரீயின் அடையாள அட்டைப் படத்தை வீரபாண்டி வட்டாரக் கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘இந்தப் பெண் வேலை கேட்டு வந்தால் எச்சரிக்கை. சாம்பிள் திருட்டு.’ நூற்றுப் பன்னிரண்டு முதலாளிகள் இருக்கும் குழு அது.

6.15. அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

நான் கலைமகள். என் கணவர் கந்தவேல் அந்தக் கம்பெனியில், தைத்த சட்டைகளைச் சோதிக்கும் செக்கிங் இன்சார்ஜாக இருந்தார். அவர் இறந்து, வருகிற மார்கழியோடு ஒரு வருடம் ஆகிறது. இந்தச் சட்டை விஷயத்தைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். அருகில் இருந்தவள் நான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கு முப்பத்து மூன்று நாள் முன்பு, முதலிபாளையம் போகும் வழியில் ஒரு பைக் மணலில் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த இவருக்கு வலது கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்தது. ஒரு பிளேட், ஆறு ஸ்குரூ. வண்டி ஓட்டியவர் துணி வரவைக் கவனிக்கும் இன்சார்ஜ் செந்தில்வேல். அவருக்கு இடது கணுக்காலில் விரிசல். ஆபரேஷன் இல்லாமல், காலுக்குப் பின்னால் மாவுப் பட்டை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார்கள். இருவருக்கும் டாக்டர் சொன்னது ஒன்றுதான். நாற்பத்திரண்டு நாள் கால் தரையில் படக் கூடாது.

முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அவரை நான் பகல் வெளிச்சத்தில் தொடர்ந்து பார்த்தது அந்த நாற்பத்திரண்டு நாள்தான். மூன்று தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலில் இருப்பார். காலைக் கொஞ்சம் தொங்கவிட்டாலும் பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிடும். மணிக்கு நூறு தடவை விரலை அசைக்க வேண்டும். அவர் அசைப்பார், நான் எண்ணுவேன், எண்பதில் இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். துவைத்து மடிக்கிற துண்டையெல்லாம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவார். என் சேலை முந்தானையையும் ஒருநாள் அப்படிப் பிடித்தார்.

“ஏனுங்க, என்னையும் செக் பண்ணி ரிஜெக்ட் போட்டுறாதீங்க” என்றேன்.

“முப்பது வருசம் முன்னாடியே பாஸ் ஆன பீஸு. இனி ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க.”

எங்கள் வீடு மாடியில். பதினான்கு படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று எப்படி ஏறுவது என்று நான் திகைத்து நின்றேன். பிசியோதெரபிப் பெண் ஜனனி அலட்டிக்கொள்ளவே இல்லை. “படிக்கு முதுகு காட்டி உக்காருங்க மாமா. கையையும் நல்ல காலையும் ஊனி ஒவ்வொரு படியா பின்னால நவுந்து ஏறுங்க. ஒடஞ்ச கால் முன்னால நீட்டியே இருக்கட்டும்” என்றாள். முதல் நாள் ஒன்பது நிமிடம் ஆயிற்று. நான் ஒரு படி கீழே நின்று அவர் குதிகாலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே ஏறினேன். நாலாவது வாரத்தில் நாலே நிமிடம். கட்டில் சலித்தால் மொட்டை மாடிக்கே ஏறிவிடுவார்.

செந்தில்வேல் அடிக்கடி போன் செய்வார். விபத்தான பன்னிரண்டாம் நாள் அவர் பேசியது எனக்கு நினைவிருக்கிறது, இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“டையிங்காரங்க சாயம் ஏத்துன துணிய ஊட்டுக்கே கொண்டாந்துட்டாங்கண்ணா. படுத்த படுக்கைலயே பச்ச லாட்டுக்கு ஓகே சொல்லிட்டேன்.”

“எந்த வெளிச்சத்துல பாத்த?”

“ஊட்டுல லைட் பாக்ஸா வச்சிருக்கேன்? பல்பு வெளிச்சந்தானுங்க.” சிரித்தார். நிறத்தை ஒத்துப் பார்க்கிற அந்த விளக்குப் பெட்டி கம்பெனி மாடி அறையில்தான் இருந்தது.

இவர் சிரிக்கவில்லை. ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவும் இல்லை. இருபதாம் நாள் செந்தில்வேல் கக்கத்துக் கட்டைகளோடு வேலைக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும், “அவசரப்படறான்” என்று மட்டும் சொன்னார்.

சுபஸ்ரீக்கு இருபத்தாறு வயது. இவர் இல்லாத நாட்களில் இவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அந்த வியாழன் மாலை அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

“நான் எடுக்கலீங்கண்ணா.”

“எடுத்தீன்னு நான் கேக்கல அம்மிணி. உக்காரு. கலை, டீ வை. மணி மணியாச் சொல்லு.”

“காலைல எட்டே முக்காலுக்கு மேல போனேன். சாம்பிள் இருந்துச்சு. அப்பறம் பன்னண்டே முக்காலுக்கு ஜன்னல்கிட்ட ஒரு பீஸப் பாத்தேன். கலரு என்னமோ மாதிரி பட்டுச்சு. கட்டிங்ல நின்னு சொன்னேன், சோறு தின்னுட்டு வந்து சீல் சாம்பிளோட லைட் பாக்ஸ்ல வச்சுப் பாக்கோணும்னு. ஒரு மணிக்கு பெல்லு. எல்லாரும் வெளிய ஷெட்டுக்குச் சாப்பிடப் போனோம்.”

“எல்லாருமா?”

“செந்தில் அண்ணன் தவுத்து. அவரு கட்டிங் டேபிள்லயேதான் சாப்புடுவாரு. ஒண்ணேகாலுக்கு நான் போனை மறந்துட்டேன்னு திரும்ப உள்ள வந்தேன். அதுதானுங்க வினை. வாட்ச்மேன், நடுவுல உள்ள போனது நான் ஒருத்திதான்னு சொல்லிட்டாரு.”

“செந்திலு அப்ப என்ன பண்ணிட்டிருந்தான்?”

“பாக்கலீங்க. சாப்டாச்சுங்களாண்ணான்னு கூப்ட்டேன், பதில் இல்ல. கட்டை ரெண்டும் ரோலு மேல சாத்தி இருந்துச்சு. ரோலுக்குப் பின்னால படுத்திருப்பாருன்னு வந்துட்டேன். தெனமும் படுப்பாரு.”

“ம். ரெண்டு மணிக்கு?”

“எல்லாரும் வேலைல உக்காந்தோம். இன்னிக்குனு பாத்து ஒரே சிரிப்பு வேற.”

“என்ன சிரிப்பு?”

“அட, அது என்னத்துக்குங்க இப்ப. செந்தில் அண்ணன் கட்டு இருக்கறதால கருநீல லுங்கிலதான வர்றாரு. பின்னால வெள்ளையா பஞ்சு. பாத்ரூம் போறப்ப புள்ளைங்க, முயலுக்கு வாலு மொளச்சிருச்சுன்னு சிரிச்சுதுங்க. அவரும் தட்டிக்கிட்டாரு. ரெண்டு இருவதுக்கு மேல போனேன். சாம்பிளக் காணோம்.”

“முதலாளி உன்ன ஏன் பிடிச்சாரு?”

“உள்ள இருந்தது ரெண்டே பேராம். நானும் செந்தில் அண்ணனும். ‘அவன் கால ஊனவே முடியாதவன், பதினேழு படி பறந்தா போவான்’னு கேக்கறாரு. என்ற ஊட்டுக்காரரு பக்கத்துக் கம்பெனில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசரு. அவருக்கு எடுத்துக் குடுத்தனாம். அதோட...” நிறுத்தினாள். “படி சுத்தமா இருந்துச்சாம். கால்தடம் தெரியாம இருக்க நான் கூட்டி உட்டனாம்.”

இவர் தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தினார்.

“பழனாயி கூட்டலியா?”

“குண்டடத்துல அவங்கண்ணன் ஊட்டு விசேசம். ரெண்டு நாள் லீவு. காலைல நான் ஏறறப்ப படி பூராம் பஞ்சு. கால்ல ஒட்டி, தட்டிட்டுத்தான் உள்ள போனேன். மத்தியானம் ஏறறப்ப ஒட்டவே இல்லீங்க.”

ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுகிற இடத்தில் பஞ்சு பனி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். அரை நாளில் படியெல்லாம் வெள்ளையாகிவிடும்.

“கண்ண மூடி யோசிச்சுச் சொல்லு. படி ஓரத்துல?”

அவள் உண்மையாகவே கண்ணை மூடினாள்.

“ஓரத்துல இருந்துச்சுங்க. ரெண்டு ஓரத்துலயும். நடுவுலதான் இல்ல.”

“மூலைல?”

“மூலைல கட்டியா இருந்துச்சு.”

இவர் நீட்டிய காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஊட்டுக்குப் போயி நல்லாச் சாப்புடு. காலைல பழனாயி வந்தாலும் அந்தப் படியில வெளக்குமாறு படக் கூடாது. நீ பாத்துக்கோ” என்றார்.

அவள் போன பிறகு என்னைப் பார்த்தார்.

“கலை, ஐயப்பன் கோயிலுக்குக் கட்டற கறுப்பு வேட்டி எங்க?”

“இப்ப எதுக்குங்க அது?”

“நாளைக்குக் கம்பெனிக்குப் போறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஒன்பது நாள் பாக்கி. ஒரு வழுக்கல் போதும், ஆறு ஸ்குரூவும் வீண். போனிலேயே சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

“சொன்னா நம்ப மாட்டாங்க. காட்டோணும். அந்தப் புள்ள படத்த நூத்துப் பன்னண்டு பேரு பாத்தாச்சு. இனி ஒரு கம்பெனிலயும் அவள உள்ள உட மாட்டாங்க” என்றார். பிறகு தணிந்த குரலில், “நீ கூட இருப்பீல்ல” என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை. காலை 8.50.

ஆட்டோவிலிருந்து அவரை இறக்கிக் கட்டைகளைக் கக்கத்தில் கொடுத்தேன். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தையல்காரப் பெண்கள் எழுந்து நின்றார்கள். தனபால் தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

“ஏனுங்கண்ணா, இந்தக் காலோடயா வருவீங்க? நானே ஊட்டுக்கு வந்திருப்பனே!”

“வந்தா படியத் தூக்கிட்டு வர முடியாதுங்களே முதலாளி.”

மாடிப்படி ஹாலின் கடைசி மூலையில், கட்டிங் டேபிளுக்கும் துணி ரோல்களுக்கும் பின்னால் இருந்தது. செந்தில்வேல் டேபிளருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் இன்னொரு ஸ்டூலின் மேல். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார்.

“உக்காரு செந்திலு. கால் எப்படி இருக்குது?”

“அரிப்புத்தானுங்கண்ணா தாங்கல.”

“எனக்கும்தான்.”

நேற்று மதியத்திலிருந்து இறங்கிய பஞ்சில் படி மறுபடி வெள்ளையாகியிருந்தது. பெண்களும் பின்னாலேயே வர, படியருகே போனதும் இவர் இரண்டு கட்டைகளையும் துணி ரோல் மேல் சாய்த்து வைத்தார். திரும்பிப் படிக்கு முதுகு காட்டி, மெல்ல முதல் படியில் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயது. அந்த ஹாலில் எல்லோரும் எழுந்து நின்று பேசுகிற மனிதர். கறுப்பு வேட்டியை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றி, பின்புறத்தால் இரண்டாவது படிக்கு நகர்ந்தார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். மூன்று. நான்கு. நான் அவர் குதிகாலை ஏந்திக்கொண்டு கூடவே ஏறினேன்.   பதினொன்றில் மூச்சு வாங்க நிறுத்தினார்.

“எத்தன நிமிசம் ஆச்சு முதலாளி?”

தனபால் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணரை.”

பதினேழாவது படி. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டினார். கறுப்பு வேட்டியின் பின்புறம் முழுக்க வெள்ளைப் பஞ்சு.

 சற்றுமுன் சிரித்த அதே குரல், இப்போது சிரிக்காமல், “முயலு வாலு...” என்றது.

எல்லாத் தலைகளும் செந்தில்வேல் பக்கம் திரும்பின.

“படியப் பாருங்க முதலாளி” என்று இவர் மறுபடி உட்கார்ந்தார். “நடுவுல சுத்தம். ரெண்டு ஓரத்துலயும் பஞ்சு. நேத்தும் இதே மாதிரிதான இருந்துச்சு? வெளக்குமாத்துல கூட்டுனா மூலைல கட்டியா நிக்காது. இது கூட்டுன படி இல்லீங்க. உக்காந்து ஏறுன படி.”

தனபால் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். 

“கால ஊன முடியாதவன் படி ஏற மாட்டான்னு நீங்க நெனச்சீங்க. ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்க அப்படித்தான் நெனப்பாங்க. நான் ஒரு மாசமா இப்படித்தான் ஊடு ஏறறேன். ஒண்ணேகாலுக்கு அம்மிணி உள்ள வந்தப்ப கட்டை ரெண்டும் இங்க இருந்துச்சு, ஆளக் காணோம். படுத்திருப்பான்னு அது நெனச்சுது. கட்டையக் கையெட்டற தூரத்துல வைக்காம எங்களால படுக்க முடியாதுங்க. எந்திரிக்கறது எப்படி? கட்டை ரெண்டும் இந்தப் படியோரத்து ரோலு மேல நிமுத்திச் சாத்தி இருந்துச்சுன்னா, படுத்தவன் கைக்கு எட்டாது, ஆளு படியிலதான் இருந்திருக்கோணும்.”

செந்தில்வேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பல்பு வெளிச்சத்துல ஓகே சொன்ன துணி. சரிதானே செந்திலு?”

செந்தில்வேலின் கை காலிலிருந்த கட்டைத் தடவியது.

“நம்ம ரெண்டு பேருமே கட்டில்ல கெடந்தோம். துணி வந்தா லைட் பாக்ஸ்ல வச்சுப் பாக்கற ஆளு நான். நான் இங்க இல்ல. நீ போன்ல சொன்னப்ப, மறுபடி பாருடான்னு நான் சொல்லியிருக்கோணும். சொல்லல. அதுல எனக்கும் பங்கு இருக்குது. ஆனா பழிய அந்தப் புள்ள மேல ஏற உட்டது நீ.”

செந்தில்வேல் குனிந்து தன் காலில் சுற்றியிருந்த துணியின் கொக்கியைக் கழற்றினார். சுற்று சுற்றாகப் பிரித்தார். மாவுப் பட்டைக்கும் துணிக்கும் நடுவில், தட்டையாக மடிக்கப்பட்டு, வியர்வையில் நனைந்து, பச்சைச் சட்டை இருந்தது. அட்டையும் முத்திரையும் அப்படியே. கேட்டில் அத்தனை பேரையும் சோதித்தவர்கள் உடைந்த காலைத் தொடவில்லை.

“எரிச்சறலாம்னு பாத்தேன். கையெழுத்தப் பாத்ததும் மனசு வரல. ஊட்டுல வைக்கவும் பயம்” என்றார். “சாம்பிள் இல்லைன்னா இன்ஸ்பெக்சன் தள்ளிப் போவும், அதுக்குள்ள டையிங்காரங்ககிட்டப் பேசிரலாம்னு... இவ மேல திரும்பும்னு நெனைக்கவே இல்லீங்கண்ணா. இருவது நாள் ஊட்டுல கெடந்தேன். எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்கன்னு தூக்கமே இல்ல. கலரும் தப்புன்னு தெரிஞ்சா...”

“நேத்து சாயங்காலம் கேட்ல அதக் கால்ல வச்சுக்கிட்டு நின்னியே. அந்தப் புள்ள அழுததப் பாத்தீல்ல?”

செந்தில்வேல் தலையாட்டினார். அவருக்குக் கண்ணீர் வழிந்தது. சுபஸ்ரீ அவரைப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கி உதறி, தைத்த சட்டை ஒன்றை அதன் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டும் வேறு வேறு பச்சை. எனக்கே தெரிந்தது.

தனபால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி. பையர் ஆபீசுக்கு நானே கூப்ட்டு உள்ளதச் சொல்லிடறேன். செந்திலப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். கந்தவேலண்ணா, நீங்க மொதல்ல எறங்குங்க. டீ சாப்புடலாம்.”

“எறங்க மாட்டேனுங்க.”

“ஏனுங்க?”

“நேத்து அஞ்சே முக்காலுக்கு ஒரு போட்டோ போட்டீங்கள்ல. அது நூத்துப் பன்னண்டு பேருகிட்ட இருக்குது. சாம்பிள் கெடச்சிருச்சு, சுபஸ்ரீ மேல தப்பு இல்ல, நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்னு அதே எடத்துல போடுங்க. அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

“அண்ணா, அத அழிச்சுடறேன். போதுமில்ல?”

“அழிச்சா ஆருக்குத் தெரியும்? எழுதுங்க.”

“நான் இந்தக் கம்பெனி ஓனருங்கண்ணா...”

“ஆமாங்க. அதனாலதான் நீங்க எழுதோணும்.”

9.20. இவர் மேல் படியில், காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதம் கத்தரிக்காய் நிறமாகிக்கொண்டிருந்தது. நான் அதை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரும் மெஷினில் உட்காரவில்லை. யாரோ டீ கொண்டு வந்து மேலே கொடுத்தார்கள். அவர் எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார்.

9.31. தனபால் ஒற்றை விரலால் டைப் அடித்து முடித்தார். அனுப்பும் முன் சுபஸ்ரீயிடம் காட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“என்ற படத்தையும் சேத்துப் போடுங்க சார். நேத்து போட்ட அதே படம்” என்றாள்.

போட்டார்.

கீழே யார் யாருடைய பையிலோ போன்கள் கினிங் கினிங் என்றன. சுபஸ்ரீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, பச்சைச் சட்டைகள் இரண்டையும், தனபாலிடம் வாங்கிய மாடிச் சாவியையும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். மேல் படியில் வழியை அடைத்து உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றாள்.

“அண்ணா, கொஞ்சம் நவுருங்க. லைட் பாக்ஸ்ல வச்சு ரிப்போர்ட் எழுதோணும். பதினோரு மணிக்கு அந்தாளு வந்துருவாரு.”

இவர் சிரித்தார். நான் அவர் காலைத் தூக்கிக்கொண்டேன். இருவருமாகச் சுவரோரம் ஒதுங்கினோம். அவள் எங்களைத் தாண்டி மேலே போனாள். அறைக்குள் விளக்கு எரிந்தது.

“பாத்தியா கலை” என்றார் என் கணவர், “என்ற நாற்காலி போயிருச்சு.” அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.